சாஃப்ட்னர் இருந்தும் உப்புத் தண்ணீரா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோன்றியதும் நம்மில் பலர் உடனே சர்வீஸுக்குத்தான் போன் போடுகிறோம். வருகிறவர் டி.டி.எஸ். மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் கருவியை, ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். "ரெசின் போச்சு சார், மாத்தணும்" என்பார். நான் பார்த்த வரை, அப்படிச் சொல்லப்பட்ட பல வீடுகளில் ரெசின் நன்றாகத்தான் இருக்கிறது. உப்புத் தொட்டியிலோ டிரெயின் குழாயிலோ கோளாறு இருக்கும். சில வீடுகளில் மோட்டார் ஓடும் நேரம்தான் காரணம். ரெசினுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இவை.

உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால்தான் அறிகுறிகள் புரியும். தண்ணீரைக் கடினமாக்குவது கால்சியமும் மக்னீசியமும். சாஃப்ட்னருக்குள் ரவை அளவில், தேன் நிறத்தில், உருண்டை மணிகளாக ரெசின் இருக்கிறது. அந்த மணிகள் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். போர் தண்ணீர் அவற்றின் வழியாகப் போகும்போது மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. பிடித்து வைக்க இடம் தீர்ந்ததும் தண்ணீர் வந்தபடியே கடினமாக வெளியே போகும். அப்போது கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினால் மணிகளில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கழன்று டிரெயினில் போய்விடும், மணிகள் மறுபடி சோடியம் ஏற்றுக்கொள்ளும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். முதலில் பேக்வாஷ், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஓட்டிக் கழுவுவது, அப்புறம் உப்புக் கரைசல் ஏற்றுவது, கடைசியில் மிஞ்சிய உப்பை அலசும் ரின்ஸ். தானியங்கி மெஷினில் இதோடு உப்புத் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் கட்டமும் உண்டு. கையால் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு என்றால் அந்த வேலையை நாம் வாளியால் செய்கிறோம்.

சாஃப்ட்னர் எதையும் வடிகட்டி எடுப்பதில்லை, ஒன்றுக்கு ஒன்று மாற்றுகிறது, அவ்வளவுதான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மை போனால் அந்த இடத்தில் 46 மில்லிகிராம் சோடியம் வந்து சேரும். அதனால் டி.டி.எஸ். குறையாது, ஒரு துளி கூடவே செய்யும். டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு சாஃப்ட்னர் ஓடுகிறதா என்று யார் தீர்ப்புச் சொன்னாலும் அதை ஏற்காதீர்கள்.

எதற்கும் முன்னால்: இரண்டு இடத்தில் அளவு

கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகப் பொருள் விற்கும் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து முதல் மருந்தையும் நிறம் காட்டும் மருந்தையும் விட்டால், கடினத்தன்மை இருக்கிற தண்ணீர் திராட்சை ரசச் சிவப்பாக மாறும். அப்புறம் மூன்றாவது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பு முதலில் ஊதாவாகத் தயங்கும், அடுத்த சொட்டில் சட்டென்று நீலமாகும். அதுவரை விட்ட சொட்டுகளை எண்ணி, கிட்டில் எழுதியிருக்கும் எண்ணால் பெருக்கினால் பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கிடைக்கும். ஊதாவில் நிறுத்திவிடாதீர்கள். சிவப்புச் சாயல் முழுக்க மறைய வேண்டும்.

சாஃப்ட்னருக்குள் போகும் தண்ணீர் ஒன்று, வெளியே வரும் தண்ணீர் ஒன்று என்று இரண்டையும் மெஷின் பக்கத்திலேயே பிடியுங்கள். குளியலறைக் குழாயில் பிடித்தால் மேல் தொட்டியில் தங்கிய பழைய தண்ணீரும் சேர்ந்து வரும், குழப்பம்தான் மிஞ்சும். சாஃப்ட்னர் ஒழுங்காக இருந்தால் வெளியே வரும் தண்ணீர் முதல் மருந்துகளுக்கே நீலமாகவோ, ஒன்றிரண்டு சொட்டில் நீலமாகவோ ஆகிவிடும்.

கிட் கைவசம் இல்லையா? மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, சீவிய குளியல் சோப்பை வெந்நீரில் கரைத்து நாலு சொட்டு விட்டுக் குலுக்குங்கள். பக்கத்திலேயே இன்னொரு பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீரிலோ மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரிலோ அதையே செய்யுங்கள். மென்மையான தண்ணீரில் நுரை நின்று பேசும். கடினமான தண்ணீரில் நுரை அடங்கித் தயிர்த் திப்பி மாதிரி மிதக்கும். ஷாம்புவோ பாத்திரம் தேய்க்கும் திரவமோ இதற்கு உதவாது, அவை கடினத் தண்ணீரிலும் நுரைக்கும்.

ஒப்பிட ஒரு எண் வேண்டுமானால், இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறது. சென்னையில் ஒரே தெருவில் இரண்டு போர்களுக்கு இரண்டு எண் வரும். ஒரே சம்பில் மெட்ரோ வாட்டர், போர், லாரித் தண்ணீர் மூன்றும் கலந்தால் இன்றைய எண் நாளைக்கு இருக்காது. அளந்த தேதியையும் அன்றைக்கு சம்பில் எந்தத் தண்ணீர் இருந்தது என்பதையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.

உள்ளே போன கடினத்தன்மை அப்படியே வெளியே வருகிறது

முதலில் பைபாஸ் வால்வைப் பாருங்கள், தண்ணீரை சாஃப்ட்னருக்குள் விடாமல் நேராக வெளியே அனுப்பும் வால்வு அது. தொட்டி கழுவ வந்தவரோ பிளம்பரோ திறந்துவிட்டு மூட மறந்திருக்கலாம். முழுக்கத் திறக்க வேண்டியதில்லை, கால்வாசி திறந்திருந்தாலே கடினத் தண்ணீர் கலந்துவிடும். பழைய பால் (ball) வால்வு மூடிய நிலையிலும் கசியும். உள்ளே 600, வெளியே 200 என்பது மாதிரி நடுவில் ஒரு எண் எப்போது அளந்தாலும் மாறாமல் வந்தால் என் சந்தேகம் முதலில் பைபாஸ் மேல்தான் போகும்.

அது சரியாக இருந்தால் அடுத்தது உப்புத் தொட்டி. மேலே பார்த்தால் உப்பு நிறைய இருக்கும், ஆனால் நாள் கணக்காக அளவு இறங்கியிருக்காது. சென்னை ஈரக் காற்றில் உப்பு மேலே பாளமாக இறுகி, அடியில் காலி இடம் விழுந்துவிடுகிறது. கீழே இருக்கும் தண்ணீர் உப்பைத் தொடவே இல்லை, வெறும் தண்ணீர்தான் ரெசினுக்குப் போகிறது. துடைப்பக் கட்டையால் மெதுவாக இடித்துப் பாருங்கள். மேற்பரப்பு கெட்டியாக நின்று, ஓர் இடத்தில் உடைந்ததும் கட்டை சடாரென்று உள்ளே இறங்கினால் அதுதான் விஷயம். பாளத்தை உடைத்து, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு ரீஜெனரேஷன் போடுங்கள். கம்பியால் குத்த வேண்டாம், தொட்டி ஓட்டையாகிவிடும். தூள் உப்பு போடும் வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். தூள் அடியில் சேறாகப் படிந்து குழாயையும் அடைக்கும். கல்லுப்பு போடலாம். ஆனால் உப்பளத்திலிருந்து அப்படியே வரும் கல்லுப்பில் மண்ணும் கொஞ்சம் மக்னீசியமும் இருக்கும், அதனால் அவ்வப்போது தொட்டியைக் காலி செய்து அடி வண்டலைக் கழுவ வேண்டும். சாஃப்ட்னருக்கென்றே விற்கும் மாத்திரை உப்பு விலை கூட, ஆனால் தொட்டி சுத்தமாக இருக்கும்.

உப்பும் கரைந்திருக்கிறது, இருந்தும் பலன் இல்லை என்றால் கரைசலை மெஷின் உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வைப் பிரைன் நிலையில், அதாவது உப்புக் கரைசல் ஏற்றும் நிலையில் வைத்து, உப்புத் தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி அதன் நுனியில் விரலை வையுங்கள். விரல் இழுபட வேண்டும். இழுக்கவில்லை என்றால் கரைசலை உறிஞ்சும் பாகமான இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது அல்லது அழுத்தம் போதவில்லை. இழுப்பதற்குப் பதில் தண்ணீர் உங்கள் பக்கம் பீச்சினால் இன்ஜெக்டரோ டிரெயின் குழாயோ அடைத்திருக்கிறது. இழுக்கிறது, ஆனால் குழாயில் குமிழி ஓடுகிறது என்றால் இணைப்பில் காற்று புகுகிறது. இன்ஜெக்டரின் துளை மிகச் சின்னது, ஒரு மணல் துகளே அதற்குப் போதும். தண்ணீரை மூடி, அழுத்தத்தை இறக்கி, அதைக் கழற்றிப் பல் குத்தும் மரக் குச்சியால் சுத்தம் செய்யலாம். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி உறிஞ்சும் அளவே மாறிவிடும்.

அழுத்தம் என்றேனே, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தனி வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. பல இன்ஜெக்டர்கள் ஒழுங்காக உறிஞ்ச 1.5 பாரிலிருந்து 2 பார் வரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் வேண்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான் தரும். ஒரு மாடி வீட்டின் மேல் தொட்டிக்குக் கீழே சாஃப்ட்னரை மாட்டினால் தண்ணீர் அதன் வழியாக ஓடும், முதல் சில நாள் மென்மையாகவும் வரும். ஆனால் உப்புக் கரைசல் ஒரு போதும் உள்ளே போகாது. ரெசின் புதிதாக வந்தபோது இருந்த சோடியம் தீர்ந்ததும் கதை முடிந்தது. அதற்கு பூஸ்டர் பம்ப் போடுங்கள், இல்லையென்றால் சம்பிலிருந்து மேல் தொட்டிக்குப் போகும் மோட்டார் லைனில் சாஃப்ட்னரை மாற்றி வையுங்கள்.

மோட்டார் லைனில் வைத்தாலும் தானியங்கி மெஷினுக்கு வேறு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு ரீஜெனரேஷன் என்று கம்பெனியில் செட் பண்ணி அனுப்புகிறார்கள். எப்போதும் குழாயில் அழுத்தம் இருக்கும் ஊர்களுக்கு அது சரி. நம் வீட்டில் ராத்திரி 2 மணிக்கு மோட்டார் ஓடுவதில்லை. மெஷின் மட்டும் தன் பாட்டுக்கு வால்வைத் திருப்பி, காய்ந்த குழாயோடு எல்லாக் கட்டத்தையும் முடித்து, திரும்ப வழக்கமாகத் தண்ணீர் தரும் சர்வீஸ் நிலைக்கு வந்து நிற்கும். திரையில் எல்லாம் பச்சை. உப்பு இறங்கவே இறங்காது. ரீஜெனரேஷன் முடிய மெஷினைப் பொறுத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். மோட்டார் அத்தனை நேரம் தொடர்ந்து ஓடக்கூடிய நேரத்துக்கு அதை மாற்றி வையுங்கள், அந்த நேரத்தில் சம்பில் தண்ணீர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: ரீஜெனரேஷன் நடக்கும்போது பல வால்வுகள் கடினத் தண்ணீரை அப்படியே மேல் தொட்டிக்கு அனுப்பிவிடும். அதற்காக வெளிக் குழாயை முழுக்க மூடிவிட்டு மோட்டாரை ஓட விடாதீர்கள், அழுத்தம் ஏறித் தொட்டிக்கும் இணைப்புகளுக்கும் ஆபத்து. அந்த நேரத்தில் தண்ணீர் சம்புக்கே திரும்பும்படி ஒரு கிளைக் குழாய் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பின்தங்கும் பழைய மாடல்களும் இருக்கின்றன. மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போனால் மெஷினின் நேரத்தை ஒரு முறை சரி பாருங்கள்.

ரீஜெனரேஷன் முடிந்ததும் நன்றாக வருகிறது, இரண்டே நாளில் பழையபடி

இது நல்ல அறிகுறி. மெஷின் வேலை செய்கிறது, கொள்ளளவுதான் போதவில்லை. காகிதத்தில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வழக்கமான உப்பு அளவில் ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம். தண்ணீர் 500 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு அரை கிராம், ஆக 2,500 லிட்டர் வரும். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. நாலு பேருக்கு 540 லிட்டர், அப்படியானால் நாலரை நாள். அதே போர் கோடையில் 800 தொட்டால் 1,560 லிட்டர்தான், மூன்று நாள்கூட முழுதாக வராது.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் மெஷின் வாங்கிப் பொருத்தி, அப்போது அளந்த எண்ணை வைத்து நாள் குறித்த வீடுகளில் மே மாதம் புகார் வருவது இதனால்தான். மழைக்குப் பின் நிலத்தடி நீர் நீர்த்திருக்கும், கோடையில் அது இறங்க இறங்க உப்புகள் செறியும். வருடத்துக்கு இரண்டு முறையாவது, பொங்கல் சமயத்தில் ஒன்று, கத்திரி வெயிலில் ஒன்று, உள்ளே போகும் தண்ணீரை அளந்து மெஷினில் எண்ணை மாற்றுங்கள். சில வெளிநாட்டு வால்வுகள் பி.பி.எம். கேட்காது, கிரெயின் என்ற அலகில் கேட்கும். பி.பி.எம். எண்ணை 17.1ஆல் வகுத்துப் போட வேண்டும், 500 என்றால் 29. நேராக 500 என்று அடித்தால் மெஷின் ஓயாமல் உப்பைத் தின்னும்.

கணக்கு சரி, ஆனாலும் சீக்கிரம் தீர்கிறது என்றால் உப்பைக் குறைவாகப் போடுகிறீர்களா என்று பாருங்கள். ஒரு லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் என்று வைத்தால் 25 லிட்டருக்கு 3.75 கிலோ. அதைக் கரைக்கவும் தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைத்தான் கரைக்கும், ஆகவே 11 லிட்டராவது தேவை. கையால் செய்பவர்கள் உப்பை அள்ளிக் கொட்டி, பாதி கரையாமல் அடியில் கிடக்க, கரைசலை வேகமாக ஏற்றிவிடுவது வழக்கம். மெதுவாக, அரை மணி நேரமாவது எடுத்துக்கொண்டு ஏறினால்தான் மணிகளுக்குள் போகும்.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, முழு உப்போடு அடுத்தடுத்து இரண்டு முறை ரீஜெனரேஷன் போட்டும் வெளியே வருகிற தண்ணீர் முதலில் மென்மையாக இருந்து கணக்குக்குப் பாதியிலேயே கடினமாகிறது என்றால், அப்போது ரெசினைப் பற்றிப் பேசலாம். இரண்டு காரணம் இருக்கும். ஒன்று இரும்பு. குழாயடியில் செங்காவிக் கறை, வாளியில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும் தண்ணீர் என்றால் அந்த இரும்பு மணிகளின் மேல் படிந்து அவற்றை மூடிவிடுகிறது. அதற்கென்று விற்கும் ரெசின் கிளீனரால் ஓரளவு மீட்கலாம், ஆனால் சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் போடாவிட்டால் மறுபடி அதே கதிதான். இன்னொன்று குளோரின். லாரித் தண்ணீரிலும் சம்ப் கழுவும்போதும் தாராளமாக ப்ளீச்சிங் பவுடர் விழுகிறது. அது ரெசினை மெல்ல மெல்ல இளக்கி உடைக்கும். சம்பில் ப்ளீச்சிங் போட்ட அன்று சாஃப்ட்னரைப் பைபாஸில் வையுங்கள்.

மாறாக, ரீஜெனரேஷன் முடிந்த முதல் வாளியிலேயே கடினம் என்றால் ரெசினைக் குறை சொல்லாதீர்கள். உப்பு உள்ளே போகவில்லை, அல்லது வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து தண்ணீர் ரெசினைத் தொடாமலே குறுக்கு வழியில் போகிறது. வளையம் மாற்ற ஆகும் செலவு ரெசினோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சோதனையில் நீலம், ஆனால் டைல்ஸில் வெள்ளைத் திட்டு போகவில்லை

ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் போனால் அது சோடியம் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் எதுவும் காய்ந்தால் வெள்ளையாகத்தான் மிஞ்சும், சாஃப்ட்னர் அதைக் குறைப்பதில்லை என்று முன்னாலேயே சொன்னேன். துடைத்தால் போகாமல், எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டதும் பொங்கினால் அது கால்சியம். சாஃப்ட்னர் வருவதற்கு முன்னால் படிந்த பழைய படிவாக இருக்கலாம். சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றிச் சுத்தம் செய்துவிட்டு, புதிதாகப் படிகிறதா என்று பாருங்கள். கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட் வேண்டாம், குழாயின் பளபளப்பும் டைல்ஸ் இடுக்கு சிமெண்டும் போய்விடும். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

கடலோரத்தில் திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது என்றால் அந்தக் கரிப்பு சோடியம் குளோரைடு. அதற்கு சாஃப்ட்னரால் எந்தப் பயனும் இல்லை. விற்பவர் என்ன சொன்னாலும் சரி, அதைக் குறைக்க ஆர்.ஓ.தான் வழி. அப்படிப்பட்ட தண்ணீரில் ஏற்கெனவே சோடியம் மிகுந்திருப்பதால் கடினத்தன்மையும் பூஜ்யத்துக்கு இறங்காது, கொஞ்சம் மிச்சம் கசிந்துகொண்டே இருக்கும். அது மெஷின் கோளாறு இல்லை.

முன்பு கரிக்காத தண்ணீர் இப்போது கரிக்கிறது

ரீஜெனரேஷனுக்குப் பின் ரின்ஸ் போதவில்லை. டிரெயினில் வரும் தண்ணீரை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிப்பு போகும் வரை ரின்ஸை நிறுத்தாதீர்கள். தானியங்கி மெஷினில் இது திடீரென ஆரம்பித்தால் டிரெயின் குழாய் மடங்கியிருக்கலாம், அல்லது உப்புத் தொட்டியில் தண்ணீர் அளவுக்கு மேல் நிரம்பி அத்தனையும் உள்ளே போயிருக்கலாம்.

உப்புத் தொட்டி நிரம்பி வழிகிறது

உறிஞ்சுவது நின்றுபோய், நிரப்புவது மட்டும் நடக்கிறது என்று பொருள். மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள். அது சரியென்றால் மிதவையைத் தூக்கிப் பாருங்கள், உப்புப் படிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரில் கழுவினால் போதும். நிரப்பும் கட்டத்தில் கரண்ட் போய் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். ஜெனரேட்டரில் மோட்டார் ஓடி, சாஃப்ட்னர் பாயிண்டுக்கு மட்டும் கரண்ட் இல்லாத அபார்ட்மெண்டுகளில் இதைக் கவனியுங்கள்.

தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது, குழாய் வலையில் மஞ்சள் மணிகள்

இரண்டும் வேறு வேறு. வேகம் மட்டும் குறைந்தால் போர் மண் ரெசின் மேல் படிந்திருக்கிறது. பேக்வாஷை 15 நிமிடம், டிரெயின் தெளியும் வரை ஓட விடுங்கள். முன்னால் சாண்ட் ஃபில்டர் இருந்தால் முதலில் அதைப் பேக்வாஷ் செய்யுங்கள். இல்லை என்றால் போர் தண்ணீர் வீட்டுக்கு அது அவசியம்.

குழாய் முனை வலையைக் கழற்றும்போது தேன் நிறத்தில் உருண்டை மணிகள் விழுந்தால் சாஃப்ட்னருக்குள் அடியில் மணிகளைத் தடுத்து நிறுத்தும் ஸ்டிரெய்னர் உடைந்திருக்கிறது. உடனே பைபாஸுக்கு மாற்றிவிடுங்கள். அந்த மணிகள் கீசர், வாஷிங் மெஷின், ஆர்.ஓ. எல்லாவற்றுக்குள்ளும் போய் உட்காரும். இது வீட்டில் செய்யக்கூடிய பழுது அல்ல, தொட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். மணிகள் டிரெயினில் மட்டும் வந்தால் பேக்வாஷ் வேகம் அதிகம். வால்வைக் குறைத்தால் நிற்கும்.

சோப்பு போகவே இல்லை, உடம்பெல்லாம் வழவழ

சாஃப்ட்னர் நன்றாக வேலை செய்கிறது. இத்தனை நாள் கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாகிப் போன சோப்பு இப்போது முழுதாக நுரைக்கிறது. சோப்பும் துணிப் பவுடரும் பாதி போதும். முடி உதிர்வு நின்றுவிடும் என்று நம்பி வாங்கியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தலையில் சோப்புத் திப்பி ஒட்டாது, முடி பிசுக்கில்லாமல் இருக்கும். உதிர்வுக்கு வேறு பல காரணங்கள் உண்டு, அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெந்நீரில் மட்டும் கோளாறு

குளிர்ந்த நீர்க் குழாயில் நீலம், வெந்நீர்க் குழாயில் சிவப்பு என்றால் கீசருக்குள் பழைய தண்ணீரும் பழைய படிவும் இருக்கின்றன. கடினத் தண்ணீரைச் சூடாக்கும்போது பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்புப் பாளமாக எலிமெண்டில் படிகிறது. புதிதாக சாஃப்ட்னர் போட்டவர்கள் கீசரை ஒரு முறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள், மெயின் சுவிட்சை அணைத்த பிறகு. அப்போதே உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது, உப்பு மிகுந்த தண்ணீரில் சீக்கிரம் கரையும்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுவும் பெரும்பாலும் அந்தக் கம்பியும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை. குளிர்ந்த நீரிலும் வந்தால் அது போரிலிருந்தே வருகிறது, சாஃப்ட்னர் அதை நீக்காது.

சமையலறைக்கும் இதே தண்ணீரா?

பருப்பு வேக மென்மையான தண்ணீர் நல்லதுதான். ஆனால் உள்ளே போகும் தண்ணீர் 600 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. வீட்டில் ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள், அல்லது சமையலறைக்கு மட்டும் தனி லைன் விடுங்கள். சாஃப்ட்னர் தண்ணீரில் ஓடும் ஆர்.ஓ.வின் மெம்பிரேனில் சுண்ணாம்பு படிவது குறையும், அது கூடுதல் லாபம்.

டிரெயின் எங்கே போகிறது என்று பாருங்கள்

இதை அறிகுறி எதுவும் காட்டாது, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். 2003 வாக்கில் சென்னையில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அன்று தோண்டிய குழிகள் பல காம்பவுண்டுகளில் இன்றும் இருக்கின்றன. சாஃப்ட்னரைப் பொருத்த வருபவருக்கு அருகில் தெரியும் குழி அதுதான், டிரெயின் குழாயை அதில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஒவ்வொரு ரீஜெனரேஷனிலும் கிலோக்கணக்கில் உப்பும், ரெசினிலிருந்து கழன்ற கால்சியமும் மக்னீசியமும் நேராக நிலத்தடி நீரில் இறங்குகின்றன. உங்கள் போரும் பக்கத்து வீட்டுப் போரும் அதே நீரைத்தான் இழுக்கின்றன. தோட்டத்தில் விட்டால் மண் இறுகிச் செடிகள் கருகும். டிரெயினைக் கழிவுநீர்க் குழாயில் மட்டும் சேருங்கள். குழாய் நுனி சாக்கடைத் தண்ணீரில் மூழ்காமல், அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் இறங்கும்போது கழிவுநீர் பின்னோக்கி ஏறி ரெசின் தொட்டிக்குள் வரும். ஏற்கெனவே மழைநீர்க் குழியில் விட்டிருந்தால் அடுத்த ரீஜெனரேஷனுக்கு முன்னால் பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள், ஒரு துண்டுக் குழாயும் இரண்டு எல்போவும்தான் செலவு.